வெறுங்கால் உயரம்

சப்பாத்துப் பெட்டி என் மேசை மேல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கடையில் இருந்த அதே வாசம், புது நுரையும் பசையும் கலந்தது. நீ ஒரு முறைகூட அதைப் போடவில்லை.

கறுப்பு நிறம். அகலமான முன்பக்கம். உள்ளே தையலே இல்லாத மெத்துத் துணி. சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்றே செய்தது. மருத்துவமனையில் சொன்னார்கள் என்று உன் அம்மா ஈப்போ டவுனில் கடை கடையாக அலைந்து வாங்கி வந்தது.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சியின் கல்யாண விருந்து. நீ போய் ஓராண்டு கழியட்டும் என்று தள்ளி வைத்த கல்யாணம். அதில் நீ கிட்டார் வாசிப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். உன் இடத்தில் இப்போது நான். அம்மா இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இத போட்டுக்கிட்டு வாசிய்யா."

"வெறுங்காலோட வாசிக்கணும்னு சொன்னதே நீங்கதானம்மா."

"நாந்தான் சொன்னேன். இப்பயும் நாந்தான் சொல்றேன்."

நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

உன் பெடல் ஸ்டீல் கிட்டார் என் அறையில், சன்னலோரம் நிற்கிறது. வருகிறவர்கள் இஸ்திரி மேசையா என்று கேட்கிறார்கள். நான்கு கால்களில் நிற்கும் பலகை, அதன்மேல் பத்துத் தந்திகள். இடக்கையில் ஓர் உருட்டு இரும்பு, வலக்கையில் மீட்டல், அடியில் மூன்று பெடல்கள். பெடலை மிதித்தால் தந்தி இறுகி, சுரம் மேலே வழுக்கிக்கொண்டு போகும். காலை எடுத்தால் இறங்கி வரும். முழங்காலால் தள்ளும் கம்பிகளும் உண்டு. உடம்பில் சும்மா இருப்பது தலை மட்டும்தான் என்பாய்.

அதை நீ ஈப்போவில் ஹோட்டல் ஒன்றில் வாசித்து ஓய்வு பெற்றவரிடமிருந்து வாங்கினாய். அவர் பளபளக்கும் சப்பாத்தோடு வாசித்தவர். ஜெலாப்பாங்கில் உன் வீட்டு ஹாலில், சாமி மேடைக்குக் கீழேதான் அதை வைக்க இடம் இருந்தது. நானும் நம் குழுவின் சேகரும் தூக்கி வந்து இறக்கியபோது அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இது வாத்தியமா, மேசையா?"

"வாத்தியம்தாம்மா."

"அப்ப சப்பாத்துக் கால் படக்கூடாது."

"மிதிக்கிற வாத்தியம்மா இது. மிதிச்சாத்தான் பாடும்."

"மிதி. ஒன் காலால மிதி. மாட்டுத் தோலால மிதிக்காத."

நீ என்னைப் பார்த்தாய். படித்தவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாயோ. எனக்கு அவர் சொன்னது சரியாகவே பட்டது.

சரஸ்வதி பூசைக்கு மூன்று பெடல்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மறுநாள் நீ உட்கார்ந்து வாசித்தாய். எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சிவப்புப் பாதங்கள். அம்மா திட்டவில்லை. பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார்.

வாசிக்கும் முன் குனிந்து ஒவ்வொரு பெடலையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். பிறகு அதையே மிதிப்பாய். முதலில் மன்னிப்பு, பிறகு மிதி. டிரம் வாசிக்கும் சேகருக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"நான் டிரம் பெடல சப்பாத்தோடதான் மிதிக்கிறேன். எனக்கு நரகம்தான் லா."

"ஒனக்கு நரகம் வேற கேஸ்லடா. டிரம்மெல்லாம் லிஸ்ட்லயே இல்ல," என்பாய்.

ஆனால் வெறுங்கால் லேசான காரியம் இல்லை. பெடல் என்பது விரல் அகல அலுமினியப் பட்டை. சப்பாத்தின் அடித்தோல் இருந்தால் பாரம் பரவும். வெறுங்காலில் விளிம்பு அப்படியே சதைக்குள் இறங்கும். இரண்டு பெடல்களை ஒன்றாக மிதிக்கப் பாதத்தின் அகலமும் போதாது. கணுக்காலைப் புரட்டிப் புரட்டிச் சமாளிக்க வேண்டும். சப்பாத்துக் குதியின் உயரம் போனதால் முழங்காலும் தாழ்ந்துவிட்டது. கம்பிகள் எட்டவில்லை. நீ ஏர்கோன், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். ஸ்பானரை எடுத்து நான்கு கால்களையும் இறக்கினாய், பெடலுக்குப் போகும் கம்பிகளைச் சுருக்கினாய். உட்கார்ந்து பார்த்தாய். மறுபடி இறக்கினாய். சாயங்காலம் அம்மா விளக்கு வைத்தபோது எழுந்து நின்று, "இப்ப இது என் சட்ட மாதிரி இருக்கு மச்சான்," என்றாய்.

உயரம் சரியாகிவிட்டது. வலி போகவில்லை.

சுங்காய்க்கு வேலைக்குப் போன ஒரு நாள், சிறுதோட்டக்காரர் ஒருவரிடமிருந்து புகை போட்ட ரப்பர் ஷீட் ஒன்றை வாங்கி வந்தாய். அம்பர் நிறம். வெட்டிப் பெடல்களில் ஒட்டினாய். காலுக்கு மெத்தென்று இருந்தது. தாப்பாவில் ஒரு பிறந்தநாள் விருந்து, நடுப்பகல், மண்டபத்தில் காற்றாடி மட்டும். பாட்டின் கடைசிச் சுரத்தை மேலே ஏற்றினாய். அது இறங்கவே இல்லை. நானும் சேகரும் முடித்துவிட்டோம். சுரம் மட்டும் மேலேயே நின்றது.

சேகர் குச்சியால் உன் முதுகைத் தட்டினான். "எறங்கி வாடா. பஸ் போயிரும்."

"ஒட்டிக்கிச்சுடா," என்றாய், உதடு அசையாமல்.

வெக்கையில் இளகிய ரப்பர் உன் உள்ளங்காலை விடவில்லை. கையால் பிய்த்து எடுத்தாய். சப்பென்ற சத்தம் மைக்கில் கேட்டது. சாப்பாட்டுப் பந்தியில் ஓர் அக்கா உன்னைத் தேடி வந்து, "கடைசியில நிறுத்தி வச்சீங்களே தம்பி, கண்ணுல தண்ணி வந்திருச்சு," என்றார். நீ பணிவாகத் தலையாட்டினாய்.

அந்த ஷீட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தோம். முழுக்கப் போகவில்லை. மதிய வெயில் சன்னல் வழியாகப் பெடல் மீது விழும்போது இன்னமும் ஒரு புகை வாசம் எழுகிறது. இப்போதும், இதை எழுதும்போதும்.

பிறகு மோட்டார் சைக்கிள் டியூப். பிறகு காலுறை. அது வழுக்கியது. வெளிநாட்டில் வெறுங்காலோடு வாசிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் தேடிப் படித்துச் சொல்வேன். நீ ஒரு காதில் கேட்பாய்.

ஒரு நாள் நீயே டியூப் துண்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தாய்.

"இப்ப வலிக்கவே இல்ல மச்சான். கால் பழகிருச்சு."

எவ்வளவு மகிழ்ந்தோம். அந்த நாட்களில் உன் வாசிப்பில் ஒரு தைரியம் இருந்தது. யோசிக்காமல் மிதித்தாய். சேகர் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான். நீ தே தாரிக் தேநீரை வழக்கம்போல் நல்ல இனிப்பாகக் கேட்டாய். பழகிவிட்டது என்ற சொல்லை நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நீயும்தான்.

பிறகு அந்தக் காலை. நான் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஹாலில் குனிந்து டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்புத் தடம், சமையலறை வரைக்கும்.

"பூச முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு. இன்னும் குங்குமம் போவலியா இதுல?"

நீ சமையலறையில் நின்று பசியாறிக்கொண்டிருந்தாய். எதுவும் தெரியாமல்.

துணியைப் பிழியும்போதுதான் அவர் ரத்த வாசத்தைக் கண்டுகொண்டார்.

மருத்துவமனையில் டாக்டர் நைலான் இழை ஒன்றால் உன் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு, இல்லை, இல்லை, இல்லை என்றாய். அவர் தொடாதபோதும் இல்லை என்றாய். பெடல் விளிம்பு அறுத்த இடம் உள்ளே ஆழமாகப் போயிருந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு ரத்தம் முழுக்க விஷம். சப்பாத்தை அம்மா வாங்கி வந்த வாரம் அதைப் போட ஒரு கால்தான் இருந்தது.

இதை எழுதிவிட்டு எழுந்து நடந்தேன். திரும்ப வந்தேன்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உன் கிட்டார் முன் உட்கார்ந்தேன். கால் உள்ளே ஆடுகிறது, அளவு பெரியது. முழங்கால் கம்பிகளில் முட்டுகிறது. எதையும் தொடாமலே சுரம் கோணுகிறது. இதைப் போட்டு வாசிக்க வேண்டுமானால் கிட்டாரின் கால்களை ஏற்ற வேண்டும். ஸ்பானர் போதும், சின்ன வேலைதான். ஏற்றிவிட்டால் உன் உடம்பின் அளவு எங்கேயும் இருக்காது. உன் சட்டைகளை அம்மா கொடுத்துவிட்டார். உன் மோட்டார் சைக்கிளை வாங்கியவன் இருக்கையை மாற்றிவிட்டான்.

ஏற்றாவிட்டால், முன்வரிசையில் உட்கார்ந்து அம்மா இன்னொரு வெறுங்காலைப் பார்க்க வேண்டும்.

ஸ்பானரை எடுக்கிறேன். வைக்கிறேன்.

*

ஞாயிறு, சாயங்காலம்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன். ஸ்பானர் சட்டைப் பையில். மேடையில் உட்கார்ந்தேன். சேகர் பின்னாலிருந்து, "ஏத்துறியா இல்லியா? சொல்லிரு லா, பொண்ணு மாப்பிள வந்துட்டாங்க," என்றான். உன் தங்கச்சி மாலையோடு நின்று என்னைப் பார்த்தாள். இந்தப் பாட்டுக்காக அவள் காத்திருந்தது தெரிந்தது.

சப்பாத்தைக் கழற்றினேன். பெடலுக்குப் பக்கத்திலேயே, அம்மாவுக்குத் தெரியும்படி வைத்தேன். குனிந்து பெடல்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நன்றாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஓரிடத்தில் கணுக்கால் புரளவில்லை, சுரம் பாதியில் நின்றது. மற்றவர்கள் கையைப் பார்த்தார்கள். அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டும்போதும்.

இறங்கி வந்ததும் மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்தார்.

"காலக் காட்டு."

"அம்மா, வேணாம்மா. நீங்க போயி என் கால..."

"காட்டுய்யா."

நாற்காலியில் உட்கார்ந்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. என் குதிகாலைத் தன் மடியில் வைத்து, உள்ளங்காலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெடல் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"இங்க?"

"வலிக்குது."

"பொய் சொல்லாத. இங்க?"

"அங்கயும்தாம்மா."

விரல் விரலாக, இடுக்கு இடுக்காக அழுத்திக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி விரலில் நான் கொஞ்சம் கத்தியே விட்டேன். அப்போதுதான் அவர் முகம் இளகியது. சேலைத் தலைப்பால் என் காலைத் துடைத்துக் கீழே விட்டார்.

"ஒவ்வொரு வாட்டியும் வாசிச்சிட்டு வந்து காட்டிட்டுப் போகணும்."

"சரிம்மா."

"சப்பாத்த நீயே வச்சுக்க. வெளிய போட்டுக்க."

உன் உயரத்தை மாற்றவில்லை. ஸ்பானர் பையிலேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அவர் நகம் பட்ட இடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.