பெட்டிக்குள் போட்ட ‘இல்லை’

அன்புள்ள அப்பாவுக்கு டின்சி எழுதுவது. இயேசுவுக்குத் தோத்திரம். உங்கள் முட்டுவலி தேவலையா? அம்மா இந்த மழையிலும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறாளா? நான் கஞ்சிக்கோட்டில் சுகம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விபத்து. இயந்திரம் நின்றுவிட்டதா என்று திரையில் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. ‘இல்லை’ என்ற பதிலை அப்படியே வைக்காமல், பூலியன் ஆப்ஜெக்ட் என்ற பெட்டிக்குள் போட்டு வைத்தேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்காது. பெட்டி இருந்தாலே ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றுவிட்டதாகத் திரையில் பச்சை எரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி பீமா அதை நம்பிக் கையை இயந்திரத்துக்குள் விட்டார். மூன்று விரல்கள் போய்விட்டன.

மேலாளர் துரைசுவாமி என்னைக் கூப்பிட்டார். “அவன் கவனிக்காம கைய உட்டுட்டான்னு எழுதிக் குடுத்துரு கண்ணு. புரோகிராம் சமாச்சாரம் ஆருக்கும் தெரிய வேண்டாம்.”

“தப்பு என்னோடதுங்க சார்” என்று சொல்லி, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். அதற்குப்பின் என்னோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

ஆஸ்பத்திரியில் பீமாவைப் பார்த்தேன். பச்சையைத் தான் சரியாகத்தானே பார்த்தோம் என்று இங்கே வந்து கற்ற அரைகுறை மலையாளத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். சரியாகத்தான் பார்த்தீர்கள் என்றேன்.

கால் கிலோ தேயிலைத்தூள் வேண்டும், அப்பா. தபாலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டு வாருங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் டின்சி