அம்மா அலைவரிசையில் இருக்கிறாள்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் "எனக்கென்ன கேடு?" என்பாய். அதனால் கேட்கவில்லை. உனக்காகப் பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். அப்பா போனபிறகு அந்த வீட்டில் சுவரோடு பேசியது போதும். உன் மாப்பிள்ளையும் "அத்தைய எப்பக் கூட்டிட்டு வரப்போற?" என்று நச்சரிக்கிறார். விடுமுறையில் வந்து அழைத்துப்போகிறேன். மூட்டை கட்டத் தொடங்கு.

உன் மகள்

மார்ச் 19

என் தங்கமே,

மூட்டை கட்ட எங்கே நேரம்? பரீட்சைக்குப் படிக்கிறேன். சிரிக்காதே! ஹாம் ரேடியோவாம். வீட்டிலிருந்தே எந்த நாட்டுக்காரரோடும் பேசலாம். அதற்கு உரிமம் வேண்டும். மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தன் ஹாம் ரேடியோ சங்கத்துக்கு அழைத்துப்போனார். அங்கே முதல் பாடமே "பேசாம கேளுங்க." பஸ் கண்டக்டராக இருந்தவளிடம் சொல்கிற பேச்சா இது! மின்சாரக் கணக்கு மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. மொட்டை மாடியில் நீளமாக ஏரியல் கம்பி கட்டியிருக்கிறேன். "இனி துணிய எங்க காயப்போடுறது?" என்று மேல்வீட்டுக்காரி முணுமுணுக்கிறாள். உன் வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூன் 8

கண்ணே,

தேறிவிட்டேன்! எனக்கென்று ஓர் அழைப்புக் குறி, ரேடியோவில் என் பெயர் மாதிரி, வந்திருக்கிறது. உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது.

முதல்நாள் மைக்கைப் பிடித்ததும், பிதுங்கும் கூட்டத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சும்மா கூப்பிடுங்கம்மா, யாரும் கடிச்சிட மாட்டாங்க" என்றார் எலக்ட்ரீஷியன். கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். எண்ணெய் பொரிவதுபோன்ற அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் என் குறியை எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொன்னது. கடலுக்கு அப்பால் ஒரு மருத்துவச்சியாம். நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறது என்றாள். பதில் சொல்ல மறந்து அழுதுவிட்டேன்.

இப்போது சாயங்காலமானால் என் ஓட்டை இங்கிலீஷில் நாலைந்து பேரோடு பேசுகிறேன். ஒருநாள் வராவிட்டால் தேடுகிறார்கள்.

உன் வீட்டுக்கு வந்தால், நீ வேலைவிட்டு வரும்வரை வாசலையே பார்த்திருப்பேன். எனக்கு அது வேண்டாம் கண்ணு. நான் வரவில்லை. கோபமா?

அம்மா

ஜூன் 27

அம்மா,

கோபம்தான். கடல்தாண்டி இருப்பவளோடு பேச நேரமிருக்கிறது, பெற்ற மகளோடு இருக்க மனமில்லையா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். "அத்தை பிஸியா இருக்காங்கடி, விடேன்" என்று உன் மாப்பிள்ளை சிரித்ததில் இன்னும் எரிச்சல்.

பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மழை பெய்தது, கால் வலிக்கிறது, சாப்பிட்டேன்; அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை மட்டும் சத்தமாகப் படித்தேன். பள்ளிக்கூடம் போகையில் உன் பஸ்ஸில் கேட்ட அதே குரல்.

பின்னறையில் என் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டேன். விடுமுறைக்கு நாங்களே அங்கே வருகிறோம். சாயங்காலம் தொந்தரவு செய்ய மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மருத்துவச்சியிடம் மட்டும், என் மகள் வந்திருக்கிறாள் என்று சொல்.

உன் மகள்