ரேடியேட்டருக்கு முன்னால் நுளம்பு வலை

1981 மார்ச் 17, செவ்வாய்

களத்தில் கதிருக்கு மேல் ஓட்டிச் சூடு மிதித்து நெல் பிரிக்கும்போது புது டிராக்டர் கொதித்து, கெஸ்கட் போய்விட்டது. பாதிக் கதிர் இன்னும் மிதிபடாமல் கிடக்கிறது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கொம்பனி இஞ்சினியர் வந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த நுளம்பு வலையைத் தொட்டுப் பார்த்தார்.

“இத ஆரு கட்டின?”

“நான்தான் சேர். கட்டாட்டி பதரெல்லாம் உள்ளுக்குப் போயிரும்.”

“காத்துப் போகாமத்தான் கொதிச்சிருக்கு. இது கொம்பனி போட்ட சாமானில்ல. கேரண்டி தரேலா.”

அவர் போனதும் வலையை அவிழ்த்து உதறினேன். இரண்டு கை நிறையப் பதர் கொட்டியது. வலை இல்லாவிட்டால் இவ்வளவும் ரேடியேட்டரை அடைத்து, அப்போதும் கொதித்திருக்குமே. இந்த டிராக்டரைச் செய்த வெள்ளைக்காரன் ஒரு நாளாவது சூடு மிதித்துப் பார்த்திருப்பானா?

கேரண்டிதான் போய்விட்டது, இனி யாரைக் கேட்க வேண்டும்? கெஸ்கட் மாற்றியதும் பாதி வலை மட்டும் கட்டி ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.