பிரிக்கச் சொன்ன ஸ்வெட்டர்

என் கரடிக்குட்டி,

நலமா என்று எழுதிவிட்டேன். உன்னை அடக்கம் செய்து பதினான்கு மாதம் ஆகியும் கை முதலில் அதைத்தான் எழுதுகிறது. நான் நலம். பெர்கன் நகரக் கலைக் கல்லூரியில் என்னோடு படிக்கிற எல்லோரும் நம் பிள்ளைகள் வயதுதான். நவீனக் கலைப் பாடம் பாதி புரியவில்லை, ஆனாலும் போகிறேன்.

நேற்று வகுப்பில் என் படைப்பைப் பார்த்தார்கள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை செய்தவர் வாய் திறக்கக் கூடாது, அது இங்கே வழக்கம். நான் பின்னி, நீ மீன்பிடிக்கப் போட்டுப்போன சாம்பல் நிற ஸ்வெட்டரைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

"சும்மா தொங்குது," என்றான் கூடப் படிக்கிற சிந்த்ரே. "கண்காட்சில எல்லார் முன்னாடியும் உக்காந்து பிரிச்சா? கடைசில வெறும் நூல்தான் மிஞ்சும்."

"உன் பேன்ட்டைப் பிரியேன், அது ஏற்கெனவே நூலாத்தான் இருக்கு," என்றாள் இங்கெர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை ராக்னில்ட் மட்டும் என்னைப் பார்த்தார். "குன்வோர், இப்ப நீங்க பேசலாம். பிரிப்பீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை நேரம் அடக்கிய வாயிலிருந்து சரி என்று வந்துவிட்டது.

சனிக்கிழமை கண்காட்சி. நான் பின்னியதை எனக்குப் பிரிக்கத் தெரியும். ஆனால் முழங்கை ஓட்டையைப் படகிலேயே வலை நூலால் நீயே தைத்துக்கொண்டாய் அல்லவா, அந்த முடிச்சின் முனை எவ்வளவு தடவியும் அகப்படவில்லை. கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓட வேண்டும். இதை மட்டும் சொல்: எந்தப் பக்கம் இழுத்தால் அது அவிழும்?