சுருக்குப் பைக்கு ஒரு கயிறு

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மனைவியின் ஒரே அண்ணனும், தங்கள் மகளின் ஒரே தாய்மாமனும், ஏழு கடலுக்கு இந்தப் பக்கம் இரண்டாவது சிறந்த பூட்டு நிபுணனுமாகிய (முதலாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை) அடியேன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதப் போனேன். பேனா ஓடவில்லை. உதறிப் பார்த்தேன், மை இருக்கிறது. பேனாவுக்குத்தான் மனசு வரவில்லை. ஆகவே நலத்தைத் தாங்களே ஊகித்துக்கொள்ளவும்.

மேலே படிக்குமுன் ஓர் எச்சரிக்கை. கோபம் ஏற ஏற என் கடிதத்தில் ‘தாங்கள்’ என்பது ‘நீர்’ ஆகிவிடும். அதற்கும் மேலே ஒரு படி உண்டு. கல்யாண மண்டப வாசலில் காருக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டு நின்றீர்களே, அன்று என் வாயிலிருந்து கேட்டிருப்பீர்கள்.

விஷயம் ஒரு பை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போன் செய்தீர்கள். மகளிடம் பேசினீர்கள். “லீவு விட்டதும் அப்பா வந்துருவேன். பை நிறைய வாங்கிட்டு வரேன். நீ பைய ரெடி பண்ணி வை” என்றீர்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வாய்ப்பந்தல் போட மூங்கில் வேண்டாம், ஆள்கூலி வேண்டாம், போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தால் போதும். போன விடுமுறைக்கும் இதே பந்தல்தான். அதற்கு முந்தியதற்கும் இதேதான். தாங்கள் போட்ட பந்தல்களை வரிசையாக நிறுத்தினால் இங்கிருந்து நிலா வரைக்கும் நிழலிலேயே நடந்து போகலாம்.

ஆனால் தங்கள் மகள் அந்தச் சொல்லை நம்பினாள். ஏழு வயது. அப்பாவின் சொல்லைவிடப் பெரிய சாட்சியம் எதுவும் அவளிடம் இல்லை.

தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க வேலை. அதனால் பள்ளி விட்டதும் பிள்ளை என் கடைக்கு வந்துவிடுவாள். சாவி அறுக்கும் மெஷினுக்கு எதிரே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து என்னை மேற்பார்வை பார்ப்பாள். ‘மேனேஜர்’ என்றுதான் நான் கூப்பிடுகிறேன். சம்பளம் மட்டும்தான் இல்லை, அதிகாரம் எல்லாம் உண்டு. மேனேஜர் ஒருநாள் பக்கத்துத் தையற்கடைக் கண்ணாடிக்குள் ஒரு சுருக்குப் பையைப் பார்த்துவிட்டாள். குரோஷா ஊசியால் நூலில் பின்னியது, வலை மாதிரி. வாயில் கயிறு கோத்து இழுத்தால் மூடிக்கொள்ளும். தனக்கு அந்த மாதிரிதான் வேண்டுமாம். திறக்காமலே உள்ளே என்ன மிட்டாய் இருக்கிறது என்று தெரியுமாம்.

தையற்கடை அக்காவிடம் கேட்டேன். பள்ளிச் சீருடை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, தலை நிமிர நேரமில்லை, வேண்டுமானால் ஊசியும் நூலும் தருகிறேன், நீயே பின்னு என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. இரும்புப் பூட்டையே கெஞ்ச வைக்கிற இந்தக் கைக்கு நூல் ஒரு பொருட்டா என்று கடைத்தெரு அதிரச் சொல்லிவிட்டேன். இரண்டு கடை தள்ளி ஒரு பெயர்ப் பலகை சாய்ந்தது என்று கேள்வி.

மாப்பிள்ளை, பூட்டு எவ்வளவோ நல்ல ஜாதி. நூல் இருக்கிறதே, அது பாம்புக்கும் வக்கீலுக்கும் பிறந்தது. முதலில் ஒரு சின்ன வளையம் போட வேண்டும். அந்த வளையத்துக்குள் ஊசியின் வளைந்த மூக்கை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி. கண்ணி கண்ணியாகச் சுற்றிக்கொண்டே வந்தால் பையின் அடிப்பாகம் தட்டையாக வரும். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அடி போதுமென்ற அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் சுவர் எழும்பும். எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

முதல் பையில் சீக்கிரம் நிறுத்திவிட்டேன். எலுமிச்சம்பழத்துக்குக் குல்லாய் வந்தது. இரண்டாவதில் நிறுத்தவே மறந்துவிட்டேன். முட்டைக்கோஸ் இலை மாதிரி சுருண்டு சுருண்டு மேஜை முழுக்கப் படர்ந்துவிட்டது. “இதுக்குத் தண்ணி ஊத்துவியா தம்பி, தானா வளருதா?” என்று அக்கா கேட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நிற்கும் ஒருவர் அவசரமாக ஓடிவந்தால், சுற்றை முடித்துவிட்டு வருகிறேன், நடுவில் விட்டால் எண்ணிக்கை போய்விடும் என்று நிற்க வைத்தேன். வங்கிக்காரர் ஒருவருக்குக் கண்ணி எண்ணிக்கொண்டே சாவி அறுத்தேன். அது அவர் வீட்டைத் திறக்கவில்லை, எதிர்வீட்டைத் திறந்ததாம். இந்த அவமானங்களையெல்லாம் தங்கள் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இதுவரை கோபமில்லை. ஆசையாகத்தான் பின்னிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அந்தக் கிரேன் ஓட்டுநர் வந்தார். தங்களோடு கட்டட சைட்டில் வேலை பார்ப்பவர், ஒரே அறையில் தங்கியிருப்பவர். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், தாங்கள் கொடுத்தனுப்பிய சோப்புப் பொட்டலத்தைக் கொடுக்கக் கடைக்கு வந்தார். நல்ல மனுஷர், வாய்க்குப் பூட்டில்லாதவர். பேச்சுவாக்கில் சொன்னார். போன விடுமுறைக்கு மொத்த சைட்டையும் பூட்டி எல்லாருக்கும் லீவு விட்டார்களாமே?

எல்லாருக்கும். கிரேனுக்குக்கூட.

“லீவு தரமாட்டேங்கிறாங்க” என்று போனில் அழாத குறையாகச் சொன்னது யார்? என் தங்கை அதைக் கேட்டுவிட்டு முதலாளியைச் சபித்தாளே, அந்த முதலாளி பாவமில்லையா? ஊரெல்லாம் கிளம்பிப் போன பிறகு நீர் காலி அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்த்தீராமே. நாய் கத்தினாலும் ஏனென்று கேட்க ஆளில்லாத இடத்தில், தன்னந்தனியாக. பார்த்தீரா, ‘நீர்’ வந்துவிட்டது.

அன்றைக்கு என் காதிலிருந்து வந்த புகையில் தெருவே இருண்டு, பட்டப்பகலில் கடைகளில் விளக்குப் போட்டார்கள். இந்த ஆள் வாக்குக் கொடுத்த ‘பை நிறைய’ எவ்வளவு என்று இவருக்கே காட்டுகிறேன் என்று ஊசியை எடுத்தேன். கோபத்தில் பின்னினால் கை என்னமாய் ஓடுகிறது தெரியுமா? அடிப்பாகம் வண்டிச் சக்கரம். சுவர் எழும்பி எழும்பி முக்காலியைத் தாண்டிவிட்டது. அக்காவிடம் இருந்த சிவப்பு நூல் தீர்ந்து, பச்சை தீர்ந்து, கடைசியில் சாம்பல் நிறம். ஒரு யானை குட்டியோடு குடித்தனம் பண்ணலாம், திண்டாட்டமில்லை. இதை வாசலில் விரித்து வைக்கிறேன், வந்து ரொப்பும் பார்ப்போம், ரொப்ப முடியாமல் நீர் நிற்பதைத் தெருவே பார்க்கட்டும் என்பது என் ராஜதந்திரம்.

மேனேஜர் பள்ளி விட்டு வந்தாள். பையைப் பார்த்தாள். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்.

“பிரிச்சிடுங்க மாமா. சின்னதா போதும். பெருசா இருந்தா அப்பா வரமாட்டாரு.”

எனக்கு விளங்கவில்லை. ஏன்டா கண்ணு என்று கேட்டேன். போன தடவை தங்கை கடைக்கு எடுத்துப்போகும் துணிப்பையை இவள் எடுத்து வைத்துக்கொண்டு, ‘அப்பா, பெரிய பை எடுத்து வச்சிருக்கேன்’ என்று போனில் சொன்னாளாம். நீர் சிரித்தீராம். “அம்மாடி, அவ்ளோ பெரிய பையா? அத ரொப்ப அப்பா எங்கடா போவேன்?” என்றீராம். அதற்குப் பிறகு நீர் வரவே இல்லை. பையால்தான் வரவில்லை என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் அந்தத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நானும் ஒரு மாமன்.

நீர் அதை விளையாட்டாகச் சொன்னீர் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கிரேன்காரர் கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஏனப்பா நீ மட்டும் ஊருக்குப் போகவில்லை என்று உம்மிடம் கேட்டாராம். “கைய வீசிக்கிட்டு எப்படிண்ணே புள்ள முன்னாடி போய் நிக்கிறது?” என்றீராம்.

அப்படியானால் அந்தப் பிஞ்சு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! என் தங்கைக்குத் தெரியாதது, காதில் விழுந்தும் எனக்கு உறைக்காதது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு இதுவரை எந்த மொழியிலும் பெயர் இல்லை. நீர் வராதது ஒரு பக்கம் கிடக்கட்டும். வெட்கப்படுவதற்கு உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? உம் குரலைப் போனில் கேட்டாலே ஒற்றைக் காலில் ஆடுகிற பிள்ளையிடமா? அவள் எந்த நாளிலாவது ‘இது வாங்கித் தா, அது வாங்கித் தா’ என்று உம்மிடம் கேட்டிருக்கிறாளா? யோசித்துப் பாரும். பை நிறைய என்று ஆரம்பித்தது நீர். அவள் பாட்டுக்கு அப்பா எப்ப வருவீங்க என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பையைப் பிரித்தோம். நூல் முனையை அவள் இழுத்துக்கொண்டு கடை வாசல் வரை ஓட, நான் உருண்டையாகச் சுற்றினேன். அவ்வளவு பெரிய யானைக் கூடாரம் ஒரே இழுப்பில் கரகரவென்று கரைந்து போனது. கோபத்தில் பின்னியதில் ஒரு முடிச்சுகூட நிற்கவில்லை. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிண்டல் பண்ணவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவள் சொன்ன அளவுக்குப் பின்னினேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். அதுதான் அளவு. இந்த முறை அடி சரியாக வந்தது, சுவர் சரியாக எழும்பியது. ஒரே ஒரு மிட்டாய் கொள்ளும். மிட்டாய் கொஞ்சம் குண்டாக இருந்தால் அதுவும் கொள்ளாது. “இது அப்பாவால முடியும்ல?” என்று கேட்டாள். நான் மெஷினைப் போட்டுவிட்டேன். அறுக்க வேண்டிய சாவி எதுவும் இல்லை, சும்மாதான் ஓடியது.

பையின் வாயில் கோக்கும் சுருக்குக் கயிற்றை மட்டும் அவளே பின்னினாள். வெறும் சங்கிலிக் கண்ணிதான், ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்துக்கொண்டே போவது. ஒன்று இறுக்கம், ஒன்று தொளதொளப்பு. நடுவில் ஓரிடத்தில் பச்சை நூலை ஒட்டுப்போட்டிருக்கிறாள். உலகத்தில் கப்பல் இழுக்கிற எந்தக் கயிறும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இது என் மிகையல்ல, எழுதி வைத்துக்கொள்ளும்.

அந்தக் கயிறு இந்த உறைக்குள் இருக்கிறது. இதை அப்பாவுக்கு அனுப்பலாமா, அப்பாவே வந்து கோத்துத் தரட்டுமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். மேனேஜர் அல்லவா. விரலில் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டுக் கொடுத்தாள். கூடவே ஒன்று சொன்னாள். உமக்கு எழுதச் சொன்னாள், அதனால் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

“அப்பா தொலைச்சுட்டாலும் பரவால்ல, நான் வேற பின்னித் தரேன்னு எழுதுங்க. திட்டாதீங்க மாமா.”

முதல் பாதியை எழுதிவிட்டேன். இரண்டாவது பாதிக்கு நான் கட்டுப்பட முடியாது, மேலே உள்ள பக்கங்களே சாட்சி. தங்கைக்கு லீவு விஷயம் இன்னும் தெரியாது. கிரேன்காரரின் வாயை நான் பூட்டிவிட்டேன். தங்கையிடம் அந்தப் பூட்டை நீரே வந்து திறக்க வேண்டும், அதற்கு டூப்ளிகேட் சாவி நான் போட மாட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை விடுகிறார்கள். சோப்பு வேண்டாம், பொட்டலம் வேண்டாம், பை நிறைய எதுவும் வேண்டாம். வழியில் ஒரு மிட்டாய் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அதுவும் சரி, அடுத்த கடையில் நான் வாங்கி உம் சட்டைப்பையில் போடுகிறேன், உலகத்துக்குத் தெரியாது. அந்த மூன்றாவது படிக்கும் இப்போது வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்.

வாடா மாப்பிள்ளை. கையை வீசிக்கொண்டே வா.

நீடூழி வாழ்க, உன் ரயில் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வருக என்று வாழ்த்தும் உன் மைத்துனன். கயிறு வந்து சேரும்வரை பையும் வாயை மூடாது, நானும் மூடமாட்டேன்.