‘ஒரு டிரைவரின் கண்ணீர்’ படத்தைப் பற்றி அண்ணனுக்கு

என் அருமை அண்ணே, தலை நிமிர்ந்து உனக்கு எழுத முடியாமல் எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில் அர்த்தமில்லை. அங்கே ரோட்டில் குழி இருக்காது, பிரேக் பிடிக்காத வண்டியைத் தலையில் கட்டுகிற ஆள் இருக்காது. குறைவெல்லாம் இங்கேதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைச் சபை மலரில் போடக் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்பாய். சபை ஹாலில் உட்கார்ந்து என் படத்தைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

ஆமாம் அண்ணே, நான் படம் எடுத்தேன். உன்னைப் பற்றி. அதில் உன் வேசத்தையும் நானே போட்டேன்.

முதலில் பேச்செடுத்தது உன் மகன் ஜெபின். கல்யாண வீட்டு வீடியோ எடுத்து எடுத்து அவன் கை நன்றாகத் தேறியிருக்கிறது. “அப்பா போயி ரெண்டு வருசம் ஆவப்போவுது சித்தப்பா. ஷைனிக்க பிள்ளைக்கு அப்பா மொகமே ஓர்மை இல்ல. சின்னதா ஒரு படம் எடுத்து வச்சா, அவ பாத்துத் தெரிஞ்சுக்கிடுவால்லா?” என்றான். உன் பேத்தி அனிக்காக அவன் கேட்டது அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? “லே மக்கா, மெட்ராஸில பெரிய பெரிய டைரக்டருக்கெல்லாம் வலங்கையா நின்னவனாக்கும் நான். நீ கேமராவ மட்டும் பிடி, மத்தது எனக்க பொறுப்பு” என்றேன். நீ இருந்திருந்தால் மீசைக்குள்ளேயே சிரித்திருப்பாய். நான் அங்கே கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நின்றது உனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் கேமராவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதில் பொய் இல்லை.

கதை நம் வீட்டுக் கதைதான். உன் மகள் ஷைனி கடியப்பட்டணத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். நாம் புராட்டஸ்டண்ட் சபை, அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர். ஒரு வருடம் உன் வாயில் அவள் பெயர் வரவில்லை. பிறகு ஒருநாள், நீ ஓட்டுகிற பஸ்ஸில் மீன்கூடையோடு ஏறிய மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாளை, அத்தனை பேர் முன்னாலும் ‘சம்மந்தி’ என்று கூப்பிட்டாய். அதோடு தீர்ந்தது. அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் அந்த அம்மாள் நம் வீட்டு நடையில் மீன் வைத்துவிட்டு, உன் வீட்டுக்காரி, என் மைனியோடு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். நீ போன பிறகும் அது நிற்கவில்லை.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை, அண்ணே. ஒரு வார்த்தையில் முடிந்தால் ஜனங்கள் எப்போது அழுவார்கள்? ஆகவே முதலில் ஒரு சண்டை வைத்தேன். பஸ்ஸில் லூர்தம்மாள் உன்னைக் கண்டபடி ஏசுகிற மாதிரி. பிறகு மழை. மழையில் நீ முழங்காலில் நின்று, குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பேசிப் பேசி அழுகிற மாதிரி. ‘ஒரு டிரைவரின் கண்ணீர்’ என்று பெயரும் வைத்தேன். நீ அழுது யார் பார்த்தார்கள்? நம் அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்குக்கூடப் பந்தல்காரனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றவன் நீ.

ஷைனி தன் வேசத்தைத் தானே போட மாட்டேன் என்றுவிட்டாள். குவயரில் பாடுகிற பிள்ளை ஒன்றைப் பிடித்தேன். நல்ல பிள்ளை, ஆனால் கேமராவைக் கண்டால் சிரிக்கும். அப்பா வீட்டை விட்டு இறங்கு என்கிறார், அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு இறங்குகிறாள். வசனத்தைப் பெரிய அட்டையில் எழுதி ஜெபின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வைத்தேன். அதனால் ‘அப்பா’ என்று கூப்பிடுகிறபோது அவள் கண் ஏதோ கூரையைப் பார்க்கிற மாதிரி மேலே போகிறது.

பஸ் கிடைக்கவில்லை. நிறுத்தி வைத்த பள்ளிக்கூட வேனில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டினேன். வண்டி பறக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மட்டும் கடைசி வரை கூடவே வருகிறது. மழைக்கு ஹோஸ். அது என் தலைக்கு மட்டும் பெய்தது. பின்னால் நல்ல வெயிலில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். வேறு ஒன்று செய்தேன். கிறிஸ்மஸ் நாடகம் போட்டே வளர்ந்தவர்கள் நாம், சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்பது நம் ரத்தத்தில் ஊறினது. படத்திலும் அதையே சட்டமாக வைத்தேன். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள்.

ஜெபின் கேமராவை இறக்கிவிட்டான். “சித்தப்பா, நீங்க பிள்ளையப் பாத்துப் பேசாண்டாமா?”

“ஆளுகளுக்கு எனக்க மொகம் தெரியாண்டாமாலே?”

“நான் அந்தப் பக்கம் வந்து எடுப்பேன்லா. இது மேடை இல்ல. கேமரா எங்க வேணும்னாலும் போவும்.”

“போவும், போவும். டைரக்டர் நீயா, நானா?”

அவன் மறுபடியும் கேமராவைத் தூக்கினான். உன் பிள்ளை அல்லவா. அப்புறம் நம் பேச்சும் வேண்டாம் என்றேன். நாம் இழுத்துப் பேசினால் வெளியூர்க்காரன் சிரிப்பான், டிவி சீரியல் மாதிரி பேசுங்கள் என்று எல்லாருக்கும் உத்தரவு. நீ வாழ்நாளில் ஒருதடவை சொல்லியிராத ‘அடி என் செல்வமே’ எல்லாம் உன் வாயில் வந்தது, அண்ணே. என் வாயால் வந்தது.

லூர்தம்மாள் வேசம்? அதைச் சொல்லக் கை கூசுகிறது. வருசாவருசம் கிறிஸ்மஸ் நாடகத்தில் கொடுங்கோலன் ஏரோது ராஜா வேசம் கட்டுகிற தங்கப்பனுக்குச் சேலை உடுத்திக் கூடையைக் கொடுத்தேன். ஜனங்கள் கொஞ்சம் சிரிக்கவும் வேண்டாமா என்று. அவன் இடுப்பில் கை வைத்து, ஏரோதுவின் அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டு வேனுக்குள் ஏறினான்.

உன் நினைவு நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் போட்டோம். நாகர்கோவிலே திரண்டு வந்தது என்று எழுதலாம்தான். உன்னிடம் எதற்கு? நம் தெருவும் குவயரும் சொந்தக்காரர்களும். கடியப்பட்டணத்திலிருந்து ஷைனி வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். லூர்தம்மாள் புதுச்சேலை உடுத்தி, மடியில் அனியை வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் மைனிக்குப் பின்னால் இருந்தார். “ஒங்க தாத்தாவக் காட்டப் போறாவ பாரு” என்று பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

குவயர் பிள்ளை சிரித்ததும் ஹாலும் சிரித்தது. தென்னைக்கு ஒரு கைதட்டு. நான் மழையில் முழங்காலிட்டு அழுதபோது பின்வரிசைப் பையன் ஒருவன் “டேப்ப அடைங்கலே, தண்ணி வேஸ்டாவுது” என்று கத்தினான். அதையும் தாங்கினேன். தங்கப்பன் வந்தான். ஹால் இரண்டாகப் பிளந்தது அண்ணே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவன் உன்னைப் பார்த்து ஏசுகிறான், ஒவ்வொரு ஏச்சுக்கும் சிரிப்பு. நான் திரும்பி இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் ஆடிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அந்த அம்மாள் மட்டும் ஆடாமல் இருந்தார்.

எழுந்து போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போகவில்லை. கடைசி வரை இருந்தார். கொடுத்த சாயாவையும் மிக்சரையும் வாங்கிக்கொண்டார். மைனியிடம் “நாங்க எறங்குதோம்” என்றார். சம்மந்தி என்று சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மீன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஷைனி போனை எடுத்தால் “ம்” என்பாள், வைத்துவிடுவாள். நீ ஒரு வார்த்தையால் கட்டினதை நான் ஒரு படத்தால் அறுத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மைனி என்னை ஏசவில்லை. கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார்: “அவியள நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சி. நீ எதுக்குடே தோண்டி எடுத்துப் பவுடர் போட்டா?”

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போன வாரம் கடியப்பட்டணத்துக்குப் போனேன், தனியாக. பஸ்ஸில் உட்கார்ந்து வழியெல்லாம் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயார் பண்ணினேன். நல்ல பேச்சு. வசனம் விழவேண்டிய இடத்தில் விழும். லூர்தம்மாள் முற்றத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ஏரோது வரலியா?”

“நான் ஒத்தைக்காக்கும் வந்தேன்.”

“மழையும் கொண்டு வரலியா?”

ஷைனி உள்ளேயிருந்து சாயா கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தொண்டையைச் செருமி, “சம்மந்தி, ஒரு கலைஞன் எங்கிற முறையில…” என்று தொடங்கினேன்.

“நிறுத்தும். இங்க ஹாலு இல்ல” என்றார். கூடையைக் கவிழ்த்து வைத்தார். “எனக்க வேசத்த ஆம்பள கெட்டினதுல எனக்கு ஒண்ணும் இல்ல. மார்க்கெட்டுல இதவிடக் கேட்டாச்சி. ஆனா நான் அந்த மனுசன அப்பிடி ஏசினேனா? நீரு சொல்லும், ஏசினேனா? இந்தப் பிள்ள எனட்ட வந்து கேக்கா, ‘பாட்டி, நீ எதுக்குத் தாத்தாவ ஏசினா’ன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

அனி வாசலில் நின்றாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. என் பக்கத்தில் வந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“மழையில அழுதது நீங்கதானே?”

“ஆமா மக்ளே.”

“தாத்தா அப்பிடி அழுவாங்களா?”

“இல்ல மக்ளே. தாத்தா அழமாட்டாவ. அது நானாக்கும்.”

“அப்ப தாத்தா எங்க?”

அண்ணே, அந்தப் பிள்ளைக்கு உன்னைக் காட்டத்தான் படம். முழுப் படத்திலும் நீ ஒரு இடத்திலும் இல்லை. நான்தான் இருந்தேன்.

லூர்தம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிள்ளையை இழுத்து மடியில் இருத்தினார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார்.

“கேட்டியா மக்ளே. அண்ணைக்கு எனக்கு நேரமாயிட்டு. கூடையத் தலையில வச்சிட்டு ஓடி வாறேன். கண்டக்டரு பெல் குடுத்தாச்சி. வண்டி நகரல. உள்ள இருக்கவன்லாம் சத்தம் போடுதான். ஒங்க தாத்தா வண்டிய எடுக்கல. நான் வந்து படியில கால வச்சதும், ‘சம்மந்தி, பைய கேறுங்க’ன்னாரு. திரும்பிக்கூடப் பாக்கல. முன்னால கண்ணாடி இருக்கும்லா? அதுல பாத்தாரு. நாகர்கோவில் போற வரைக்கும் வளைவு வந்தா கண்ணாடியில பாப்பாரு, வண்டியப் பையப் போட்டுருவாரு. எனக்க கூட சரியப்படாதுன்னு. அவ்வளவுதான் அவரு பேசினது.”

இந்தக் கண்ணாடி விசயம் எனக்குத் தெரியாது, அண்ணே. நான் யாரிடமும் கேட்கவே இல்லையே. அன்றைக்கு லேசாகத் தூறலும் இருந்தது என்று ஒரு வார்த்தை சேர்க்க என் நாக்கு துறுதுறுத்தது. சாயாவைக் குடித்து அந்த வார்த்தையையும் உள்ளே இறக்கினேன்.

“தாத்தா ஹார்ன் அடிச்சாங்களா?” என்று கேட்டாள் அனி.

“அடிக்காமலா? ஆடு நின்னா அடிப்பாரு.”

பிள்ளை மடியிலிருந்து இறங்கிவிட்டாள். இரண்டு கையையும் வட்டமாகப் பிடித்துக்கொண்டு, வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினாள். கிணற்றடியில் திரும்புகிற இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். தலையை நிமிர்த்தி, இல்லாத கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். பையத் திரும்பினாள். ஷைனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நீதான் அண்ணே அது. அப்படியே நீ. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் இறங்கும்போது லூர்தம்மாள் சொன்னார்: “மைனியக் கூட்டிட்டு வாரும். நீரும் வாரதுன்னா வாரும், வாயப் பூட்டிட்டு.” மன்னித்துவிட்டாரா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

ஜெபினிடம் சொல்லிப் படத்தை அழித்தாயிற்று. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அதுதான் கொஞ்சம் வலித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மைனியைக் கூட்டிக்கொண்டு கடியப்பட்டணத்துக்குப் போகிறேன். உன்னைப் பற்றி அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை உன்னோடு இருந்தவர்கள் சொல்லட்டும். நான் ஒரு ஓரத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன், ஒன்றும் கூட்ட மாட்டேன். இந்த ஒரு சத்தியத்தையாவது காப்பாற்றுவேன், அண்ணே.

உன் வேசம் போடத் தகுதியில்லாத, ஆனாலும் உன் கூடப்பிறந்த தம்பி,
செல்வதாஸ்