நாம் இருவரும் திரும்பிய விமானம்

என்னங்க, உங்களைத்தான்.

வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. வருகிறவர்கள் எல்லாம், "அமெரிக்காவுல எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார்கள். போகிற வழியிலேயே ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வேன்?

நம் மகள் சுகன்யாவின் பிரசவத்துக்குத்தானே கிளம்பினோம். பெங்களூரில் ஏறினால் நடுவில் எங்கேயும் இறங்காமல் பதினாறு மணி நேரம். காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டிய உங்களுக்கு அது பெரிய அதிசயம். "ஒரே டிரைவரா ஓட்டுவாரு?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டீர்கள். "மாத்தி மாத்தி ஓட்டுவாங்க சார், நடுவுல தூங்கிப்பாங்க" என்றாள். "குடுத்து வெச்சவங்க" என்று சிரித்தீர்கள்.

ஜன்னலோரம் நீங்கள், நடுவில் நான், எனக்கு அந்தப்பக்கம் யாரோ ஒருவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. "அவரை எழுப்பட்டுமா? கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றேன். "வேணாம் கஸ்தூரி. பயணத்துல தூங்கறவங்கள எழுப்பக் கூடாது" என்றீர்கள். எழுந்து போக வேண்டிவருமே என்று தண்ணீரைக்கூடக் கம்மியாகத்தான் குடித்தீர்கள். அந்த மனுஷர் தானாகவே ஒருதரம் கண் விழித்திருக்கக் கூடாதா?

போய்ச் சேர்ந்து நாலு நாள்கூட ஆகவில்லை, மூச்சு வாங்கியது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது, அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்ததால் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கடைசியாகச் சொன்னது, "ஊருக்குப் போயிடலாம்."

சுகன்யா நிறைமாசம், விமானம் ஏற முடியாது. மாப்பிள்ளை அவளை விட்டு நகர முடியாது. "இங்கயே எரிச்சுட்டு சாம்பலை எடுத்துட்டுப் போலாம்மா. என்னை விட்டுட்டுப் போவாத" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கேட்டாருடி" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் கையை விட்டுவிட்டாள்.

பெட்டியில் வைத்து உங்களை விமானத்தின் அடியில், சாமான்கள் வைக்கிற இடத்தில் ஏற்றினார்கள். நான் மேலே. சாப்பாட்டைத் தொடாமல் இருந்ததைப் பார்த்து ஒரு பணிப்பெண் குனிந்தாள். ஓசூர்ப் பெண்ணாம், தமிழ் பேசினாள்.

"ஏம்மா சாப்பிடல?"

"எங்க வீட்டுக்காரரு கீழ இருக்காரு."

"கீழ யாரும் உக்கார முடியாதும்மா."

"உக்காரல. பெட்டியில இருக்காரு."

அவள் முகம் மாறிவிட்டது. "எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்றியாம்மா?" என்றேன். போய்விட்டு வந்து, "பின்பக்கமாம்" என்றாள். என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் காலியாக இருந்த சீட்டில் உட்கார வைத்தாள். நிஜமாகவே கேட்டாளா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது. உங்களுக்கு எவ்வளவு குளிருமோ என்றுதான் நினைப்பு. எதிர்த் திரையில் அந்தக் குட்டி விமானம் கடல்மேல் நகரவே இல்லை. முதலில், சீக்கிரம் ஊர் வந்துவிடாதா என்றிருந்தது. கிட்டே வர வர, வராமலே இருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. இறங்கினால் உங்களைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமே.

ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று நீங்கள் ஓட்டிய அதே ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்தது. நம் ஊர் மலை தெரிந்ததும், "ஊர் வந்துட்டுதுங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

உங்கள் காரியத்துக்கு முந்தின நாள் பேத்தி பிறந்தாள். சுகன்யா போனில் குழந்தையைக் காட்டினாள். ஒரு குறை சொல்லவில்லை. "எப்பம்மா வருவ?" என்றாள், அவ்வளவுதான். அந்த விமானத்தில் மறுபடி எப்படி ஏறுவது என்று இத்தனை நாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மாப்பிள்ளை பேசினார். "அத்தை, அவ குளிக்கப் போனா பைப்பைத் திறந்துவிட்டுட்டு அழறா. கேட்டா ஒண்ணுமில்லன்றா." இங்கே ஊரே கூடி என்னோடு அழுதது. அங்கே அவளோடு அழ யார் இருந்தார்கள்? "டிக்கெட் போடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

போகிறேங்க. பேத்தியை அப்புறம் தூக்கிக்கொள்கிறேன். முதலில் உங்கள் மகளை மடியில் போட்டுக்கொள்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உங்களுக்காக இன்னும் அழவே இல்லை.

உங்கள் சம்சாரம், சுகன்யாவின் அம்மா,
கஸ்தூரி